வாத்தியாரின் வருகைப் பதிவேடு

தோழா!

சென்ற கிழமை, சுங்குவார்சத்திரத்தை அடுத்த சிற்றூரொன்றில் தெருமுனைக் கூட்டம். பேச்சு மாலை ஏழு மணிக்கு. நான் நான்கு மணிக்கே போய் நின்றேன். பெங்களூரு நெடுஞ்சாலையின் நெரிசலை நம்பிப் புறப்படுகிறவன், ஒன்று மூன்று மணி நேரம் முந்திப் போவான், அல்லது நன்றியுரைக்குப் போவான். நான் முந்திப்போன கட்சி! தோழர்கள் அப்போதுதான் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். "மேடை முடிகிற வரையில் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் இருங்கள்" என்றார் கிளைச் செயலாளர். இருந்தேன். அங்கே கேட்டதையெல்லாம் அன்றைய மேடையில் இறக்கிவைக்க இயலவில்லை. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் இறக்கிவைக்கிறேன்.

ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தும்பைப்பூ வேட்டி, தோளில் துண்டு, மூக்குக் கண்ணாடிக்கு ஒருபுறம் நூல் கட்டு. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, என்ன படித்திருக்கிறாய்?"

"கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரையில், ஐயா."

"பிறகு?"

"நாடகம் அழைத்தது, போய்விட்டேன்."

"நாடகம் அழைத்ததா, தேர்வு விரட்டியதா?"

முச்சந்தியில் எத்தனையோ பேர் மடக்கிப் பார்த்தும் மடங்காத இந்த நாக்கு அங்கே மடங்கியது, தோழா! உண்மை எது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்துவிட்டது. சிரித்தார். மோர் வந்தது.

அவர் பிறந்தது 1953ஆம் ஆண்டு. அதை அவர் சொன்ன விதத்தைக் கேட்டிருக்க வேண்டும் நீ! தந்தை மண்பாண்டம் வனைந்தவர். 1953இல்தான், அன்றைய சென்னை மாநிலத்து முதலமைச்சர் இராசாசி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று திட்டம் வகுத்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியார் அதனை எதிர்த்தார். நாடு கொதித்தது. மறு ஆண்டு, 1954 ஏப்ரலில், காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது. "அது நிலைத்திருந்தால், தம்பி, நான் காலையில் அகரம் எழுதிவிட்டுப் பிற்பகலில் சக்கரம் சுற்றியிருப்பேன். இப்போது என்ன ஆகியிருக்கும் தெரியுமா? இந்த ஊரில் சக்கரமும் இல்லை, களிமண் எடுத்த ஏரிக்கரையும் பழையபடி இல்லை. பாதிப் படிப்பும் பயனற்ற தொழிலுமாக நான் எந்த ஆலையின் வாயிலில் நின்றிருப்பேன்?" என்றார்.

எத்தனையோ மேடைகளில் குலக்கல்வியைப் பற்றி முழங்கியவன் நான். ஆனால் இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. தகப்பன் தொழிலைப் பிள்ளைக்குப் பூட்டுகிறவன், தகப்பன் தொழிலே தரையோடு மறையும் ஒரு காலம் வரும் என்பதை மறந்துவிடுகிறான். இந்த வட்டாரத்தைப் பார்! இராமானுசர் பிறந்த ஊர் என்று வைணவர்கள் தேடி வந்த திருப்பெரும்புதூர். 1991 மே 21இல் இராசீவ் காந்தி கொல்லப்பட்டபோது உலகமே பெயர் கேட்ட திருப்பெரும்புதூர். மற்ற நாளெல்லாம் ஏரிப் பாசனமும் நெற்கழனியுமாகக் கிடந்த திருப்பெரும்புதூர். 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹுண்டாய் வந்தது; இரண்டே ஆண்டில் கார் வெளிவந்தது. 2006இல் நோக்கியா. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். பிறகு டைம்லர், ராயல் என்பீல்டு, அப்பல்லோ டயர். வல்லம் வடகாலிலும் பிள்ளைப்பாக்கத்திலும் சிப்காட் வளாகங்கள். ஏர் போன இடத்தில் எந்திரக் கை வந்தது. ஏர் பிடிக்கக் கற்ற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? முழுநேரப் பள்ளிக்குப் போன பிள்ளைக்குத்தான் ஏதோ ஒரு வாயில் திறந்தது.

இன்றும் ஆறாம் வகுப்பிலேயே கைத்தொழில் பழக்க வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. பதினெட்டு வகைக் கைத்தொழிலுக்கு விசுவகர்மா என்று பெயரிட்டு 2023இல் ஒரு திட்டம் வந்தது. விண்ணப்பிப்பவர் குடும்பம் வழிவழியாக அத்தொழில் செய்ய வேண்டும் என்னும் நிபந்தனையைத் தமிழ்நாட்டு அரசு ஏற்க மறுத்தது. கொள்கையை ஏற்காத குற்றத்திற்காக 2024–25ஆம் ஆண்டுக்குரிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது என்று அரசு முறையிட்டது. இவை உனக்குத் தெரிந்த கதைகள். உன் நாக்கின் நுனியில் இருப்பவை. நான் சொல்ல வந்தது, நாம் மேடையில் சொல்லாத கதை.

வாத்தியார் உள்ளே போய் நீளமான ஒரு கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பள்ளியின் வருகைப் பதிவேடு பள்ளியில் இருக்கிறது. இது அவருடைய சொந்தப் பதிவேடு. 1977இல் வேலையில் சேர்ந்த நாள் முதல் 2011இல் ஓய்வு பெற்ற நாள் வரையில், தம் வகுப்பில் உட்கார்ந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், எதிரே, அந்தப் பிள்ளை பிற்காலத்தில் என்ன ஆயிற்று என்பதும். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. கல்யாணத்தில், சாவில், சந்தையில், பேருந்து நிறுத்தத்தில் கண்டு கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். "உங்கள் கட்சியில் சாதனைப் பட்டியல் போடுகிறீர்கள் அல்லவா? இது என் பட்டியல். சாதனையும் உண்டு, சங்கடமும் உண்டு" என்றார்.

பெயர்களை உனக்குச் சொல்லப்போவதில்லை. எதிரே எழுதியிருந்தவற்றைக் கேள். செவிலி. கார் ஆலை, நிரந்தரம். மறைவு, சாலை விபத்து, இரவு ஷிப்டு முடிந்து வரும்போது. ஆசிரியை. நிலம் கொடுத்தான், பணம் தீர்ந்தது, அந்த நிலத்தின் மேலேயே காவலாளி. காண்டிராக்ட். காண்டிராக்ட். பொறியாளர், ஜெர்மனி. காண்டிராக்ட். நோக்கியா, பிறகு ஒன்றுமில்லை.

1982ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திருப்பி விரலை ஊன்றினார். அந்த ஆண்டு சூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அந்தப் பக்கத்தில் பெயர்கள் திடீரென்று கூடியிருந்தன. "பின்வரிசை நிரம்பிய ஆண்டு" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவு போட்டதைச் சொன்னார். காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கியதைச் சொன்னார், அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவர் அவர். 2022இல் வந்த காலைச் சிற்றுண்டியையும் சொன்னார். எனக்கு உள்ளூர ஒரு சிறு நெருடல். எதிர்முகாமைச் சேர்ந்தவர்களையும் இப்படி ஒரே வரிசையில் வைக்கிறாரே என்று! முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "தட்டில் விழுந்ததைத் தின்கிற பிள்ளை, போட்ட கை எந்தக் கட்சிக் கை என்று கேட்டதில்லை, தம்பி. நீயும் அந்த இடத்தில் கேட்காதே" என்றார். கேட்கவில்லை.

நோக்கியா என்று எழுதியிருந்த ஒரு பெயரின் கதையைச் சொன்னார். வகுப்பில் வாய் திறக்காத பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஆலை வண்டி வாசலுக்கு வந்து அழைத்துப் போயிற்று. முதல் மாதச் சம்பளத்தில் வாத்தியாருக்கு ஒரு வேட்டி வாங்கி வந்தாள். தம்பியைப் படிக்க வைத்தாள், வீட்டுக்குக் கூரை மாற்றினாள், தகப்பன் குடிக்கு எதிரே நின்று பேசவும் கற்றாள். 2014இல் அந்நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்டுக்கு விலைபோனபோது, வரி வழக்கில் சிக்கிய திருப்பெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேராமல் தனியே நின்றது. 2014 நவம்பர் முதல் நாள் கதவு மூடிற்று. இருபத்தாறு வயதில் அவள் ஓய்வு பெற்றாள், தோழா! அவளுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்று ஓய்வூதியம் வாங்குகிறார். மாணவி இருபத்தாறில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். எட்டு ஆண்டு அவள் கற்ற வேலை, ஒரு திருகாணியை ஒரு துளையில் பொருத்துவது. அந்தத் துளையுள்ள கைப்பேசி இப்போது உலகிலேயே இல்லை.

"அப்படியானால் ஆலையே வேண்டாம் என்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டேன். கொஞ்சம் காரமாகவே கேட்டேன் என்று வைத்துக்கொள். ஏனெனில், ஆலை வேண்டாம், ஏரே போதும் என்று உபதேசிக்கிற சிலரை நான் அறிவேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் ஏர் பிடித்ததில்லை.

"பைத்தியக்காரா! ஆலை வராவிட்டால் அந்தப் பெண் வாய் திறந்திருப்பாளா? இந்தியாவில் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று நீதானே மேடையில் சொல்கிறாய்? அதில் என் பெண்களும் இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு" என்று சொல்லி, புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு தாளை நீட்டினார்.

ஒப்பந்த நிறுவனம் ஒன்று, பெயர் வேண்டாம், அவருடைய பழைய மாணவன் ஒருவனிடம் கையெழுத்து வாங்கிய தாள். மூன்று பக்கம்; முழுவதும் ஆங்கிலம். பன்னிரண்டு ஆண்டு பள்ளியிலும் மூன்று ஆண்டு பல்தொழில் பயிலகத்திலும் படித்தவன் அதைப் படிக்காமலே கையெழுத்திட்டிருக்கிறான். எத்தனை மணி நேரம் வேலை, எப்போது வேண்டுமானாலும் நீக்கலாமா, மிகை நேரத்துக்குக் கூலி உண்டா, எதுவும் அவனுக்குத் தெரியாது. ஏன் படிக்கவில்லை என்று கேட்டதற்கு, "எல்லாரும் போட்டார்கள், சார், நானும் போட்டேன்" என்றானாம்.

வாத்தியார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வரிசையில் நில் என்றேன், நின்றான். கையைக் கட்டு என்றேன், கட்டினான். மணி அடித்தால் உள்ளே வா என்றேன், வந்தான். 34 ஆண்டும் இதைத்தானே செய்தேன்? ஏன் என்று கேட்டவனைப் பலகை மேல் ஏற்றி நிறுத்தினேன். இன்று அவன் ஆலையில் வரிசையில் நிற்கிறான், நேரத்துக்கு வருகிறான், ஏன் என்று கேட்கவில்லை. நல்ல தொழிலாளி என்று அவனை மெச்சுகிறார்கள். என்னைத்தான் மெச்சுகிறார்கள், தம்பி. எனக்கு உறக்கம் வரவில்லை."

நீ என்ன விடை சொல்லியிருப்பாய், தோழா? நான் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்களும் உண்டே ஐயா, என்றேன். 2021 திசம்பரில், விடுதிச் சோறு நஞ்சாகி 150க்கு மேற்பட்ட பெண்கள் மருத்துவமனை சேர்ந்தபோது, பாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் ஆயிரக்கணக்கில் இதே நெடுஞ்சாலையில் இரவிலே அமர்ந்தார்களே! கண்டிப்பு மிகுந்த விடுதி, தரையில் படுக்கை, அதுவரை வாய் திறவாத பெண்கள். ஆலை சில வாரம் மூடிற்று. விடுதிகளின் நிலை சந்திக்கு வந்தது. 2024 ஆகத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு அரசு முயற்சியால் திறக்கப்பட்டதற்குப் பின்னே அந்த இரவு இருக்கிறது என்பது என் கருத்து. அதே 2024இல், சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர் செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே! சங்கம் வைக்கும் உரிமைக்காக அல்லவா? 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று அல்லவா?

"ஆயிற்று. அந்தப் பந்தலைப் பிரித்தபோது உங்கள் மேடையில் யார் பேசினீர்கள்?" என்றார்.

தோழா, இந்த ஏட்டில் இதை எழுதத்தான் வேண்டுமா என்று இரண்டு நாள் எண்ணினேன். எழுதத்தான் வேண்டும். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, நம்மில் எத்தனை பேர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பேச்சுப் பேசினோம்! தொழிற்சங்கங்கள் குரல் கொடுத்தன. சட்டம் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் முதல் மே நாள் கொண்டாடி நூறாண்டு நிறைந்த அதே நாள். திரும்பப் பெற்றதைப் பாராட்டி நாம் முழங்கினோம். பிறப்பித்தபோது முணுமுணுக்கவும் இல்லை. தொழிலாளி இரண்டையும் குறித்துக்கொள்கிறான். அவனுக்கும் ஒரு பதிவேடு உண்டு.

பொழுது சாய்ந்தது. திண்ணைக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கினர். ஏழெட்டுப் பேர். அவர்களில் இருவர் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் மக்கள். அந்தச் சிறுமி "ழ" எழுதுகிறாள். நம் ஊர்ப் பிள்ளையைவிட நன்றாகவே உச்சரிக்கிறாள். மொழியுரிமைக்காக நாவறளப் பேசுகிற எனக்கு, தமிழ் தேடி வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையைப் பார்த்ததும் சொல் எழவில்லை. வாத்தியார் அவளிடம் ஒடியாவில் ஒன்று முதல் பத்து வரை கற்றுக்கொண்டாராம். "அவள் எனக்கு வாத்தியார், நான் அவளுக்கு வாத்தியார்" என்றார்.

இன்னொரு சிறுவன். தாய்க்கு இரவு ஷிப்டு, தகப்பனுக்குப் பகல் ஷிப்டு. வாரம் மாறினால் இவர் இரவு, அவள் பகல். வீட்டிலே மூவர், மூவரும் சேர்ந்து உண்ணும் நாள் ஞாயிறு மட்டும். அம்மாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னதற்கு அவன் எழுதிய முதல் வரி, "என் அம்மா தூங்குவார்" என்பது. வாத்தியார் சிவப்பு மையால் திருத்தப் போய், எழுத்துப் பிழை எதுவும் காணாமல், அப்படியே விட்டுவிட்டாராம்.

குடும்பம், குடும்பம் என்று நாம் பேசுகிறோம். திருமணமான பெண்களைக் கைப்பேசி ஆலையில் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 சூனில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் விசாரித்து எழுதியது. பாக்ஸ்கான் மறுத்தது. தாலி கட்டிய பெண்களும் தங்களிடம் இருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டியது. மத்திய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. யார் சொன்னது எவ்வளவு மெய் என்று தீர்ப்பளிக்க நான் நீதிபதியல்லன். ஆனால் படித்த பெண்ணை ஆலை வரவேற்கிறதா என்ற கேள்விக்குப் பக்கத்தில், பிள்ளை பெற்ற பெண்ணை ஆலை வரவேற்கிறதா என்ற கேள்வியும் நிற்கிறது. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்து, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்றது. உயர்கல்வியில் சேரும் இளைஞர் நூற்றுக்கு 28 பேர் என்று இந்தியா நின்ற 2021–22இல், தமிழ்நாடு 47 பேர் என்று நின்றது. பெருமைதான், மார்தட்டத்தான் வேண்டும். அந்தப் பெண் பட்டம் வாங்கி, வேலை வாங்கி, மணம் முடித்து, ஒரு மழலையைப் பெற்ற பிறகு, பகலில் அந்தப் பிள்ளையை எங்கே விடுவாள் என்று கேட்டால், நம் சாதனைப் பட்டியலில் எந்தப் பக்கத்தைத் திருப்புவாய்?

"நான் என்ன செய்யட்டும், ஐயா?" என்று கேட்டேன். மேடையில் ஆயிரம் பேருக்கு வழி சொல்லுகிறவன், திண்ணையில் வழி கேட்டேன்.

"உங்கள் பழைய படிப்பகங்கள் எங்கே?" என்றார்.

ஆம், தோழா! எங்கே? நாம் பிறப்பதற்கு முன்பே, ஓலைக் கூரையின் கீழ், இரண்டு பெஞ்சும் நாலு ஏடுமாக, ஊருக்கு ஊர் இயக்கத்தின் படிப்பகங்கள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் உரக்கப் படிப்பான். தெரியாத பத்துப் பேர் கேட்பார்கள். கேட்டவன் கேள்வி கேட்பான். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948இல் நம் சென்னை மாநிலம். இன்று சிப்காட் சாலையில் தேநீர்க் கடை இருக்கிறது, கைப்பேசிக் கடை இருக்கிறது, நம் கொடிக் கம்பம் இருக்கிறது. ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிற பிள்ளைக்கு, "உட்கார், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்போம்" என்று சொல்ல ஓர் இடம் இல்லை. மாலை ஆறு மணிக்குப் பூட்டுகிற நூலகம் இந்த வட்டாரத்துக்கு உதவாது. ஷிப்டு விடுகிற நேரத்தில் திறந்திருக்க வேண்டும். ஒன்றியத்துக்கு ஒன்று போதும். கிளைத் தோழர்கள் முறைவைத்து உட்காரலாம். தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் வாரம் ஒரு நாள் வரலாம். பதாகைக்குச் செலவிடுவதில் பாதி போதும். என் பெயரும் படமும் அச்சிட்ட பதாகையிலிருந்தே தொடங்கு, எனக்கு வருத்தமில்லை. (உண்மையில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் தொடங்கு.)

மணி ஏழு. ஒலிபெருக்கி அலறத் தொடங்கியது. எழுந்தேன். வாத்தியாரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். மேடையருகே வந்ததும், கம்பத்தில் கட்டியிருந்த குழாயை அண்ணாந்து பார்த்தார். அது தெருவின் மூன்றாம் வீட்டை நோக்கி வாயைத் திறந்திருந்தது.

"தம்பி, அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பத்து மணி ஷிப்டு. ஒன்பதரைக்கு வண்டி வரும். இப்போதுதான் படுத்திருப்பாள்."

பதினைந்து ஆண்டுகளாக மேடையேறுகிறேன். குழாய் எந்த வீட்டைப் பார்க்கிறது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. தோழர் ஒருவர் கம்பத்தில் ஏறி அதை ஏரிப்பக்கம் திருப்பிக் கட்டினார். அன்று முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினேன்.